சுவருக்குள் நடந்து வரும் வெயில்

மாணவ நண்பர்களே, சித்திரை மாதத்துப் பௌர்ணமி இரவில் நீங்கள் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்ததுண்டா? சூரியன் மறைந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகும் மலைப் பக்கமிருந்து ஒரு வெக்கை முகத்தில் வந்து படும். பாதையோரத்தில் கிடக்கும் கருங்கல் பலகையில் உட்கார்ந்தால் சூடு வேட்டியைத் தாண்டி உறைக்கும். பகலெல்லாம் வாங்கிக்கொண்ட வெயிலைப் பாறை இரவில் திருப்பித் தருகிறது. எங்கள் ஊரில் இதை அறியாதவர் இல்லை. ஆனால் இதே செயல் நம் வீட்டுக் கூரையிலும் சுவரிலும் அன்றாடம் நடக்கிறது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நானும் நினைத்துப் பார்த்ததில்லை, என் மகள் ஒரு கேள்வி கேட்கும்வரை.

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இரண்டு வீடுகள். ஒன்று கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் என் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் சமையலறை என்று நீளவாக்கில் போகும். அதில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். மற்றொன்று, ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி நான் கட்டிய கான்கிரீட் தளம் போட்ட வீடு. அம்மா என்னுடன்தான் இருக்கிறார். ஆனால் பங்குனி பாதி கழிந்ததுமே, காலைச் சாப்பாடு முடிந்தவுடன் குடையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இரவு எட்டு மணிக்கு மேல் என் மகன் போய் அழைத்து வர வேண்டும்.

இந்த ஆண்டு அண்ணன் அந்த வீட்டை இடித்துவிட்டு, பௌர்ணமிக்கு வரும் யாத்திரிகர்கள் தங்குவதற்கு மூன்று மாடியில் விடுதி கட்டலாம் என்று பேசத் தொடங்கினார். என் கையெழுத்தும் அதற்கு வேண்டும். மறுக்க எனக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் கேட்டாள்: "ஆயா ஏம்பா தினமும் பெரியப்பா வீட்டுக்குப் போறாங்க?"

"பழக்கம்தான். பிள்ளை பெற்று வளர்த்த வீடு இல்லையா?" என்றேன்.

"பழக்கம்னா மார்கழியிலயும் போகணுமே? வெயில் காலத்துல மட்டும் ஏன் போறாங்க?"

சோதனைச் சாலையில் நான் மாணவர்களிடம் எதிர்பார்க்கும் கேள்வி இது. ஒரு காரணம் உண்மையானால், அது செயல்பட வேண்டிய மற்ற இடங்களிலும் செயல்படுகிறதா என்று பார்ப்பது. என்னிடம் பதில் இல்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு முட்டுக்காடு போவதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

முட்டுக்காட்டில் என்ன இருக்கிறது? சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் தட்சிணசித்ரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. சாதாரண அருங்காட்சியகத்தில் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். இங்கே வீடுகளையே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளில் இடிப்பதாக இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகக் கழற்றி, இங்கே கொண்டுவந்து, அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே வெறுமையாக இல்லை. ஒரு வீட்டில் தறி ஓடுகிறது, இன்னொன்றில் பானை வனைகிறார்கள், வேறொரு இடத்தில் கண்ணாடி ஊதுகிறார்கள். கேட்டால் நமக்கும் கற்றுத் தருகிறார்கள். இதனால்தான் இவ்வகை இடங்களை உயிருள்ள அருங்காட்சியகம் என்கிறார்கள்.

இந்த எண்ணம் முதலில் வட ஐரோப்பாவில் உருவானது. ஆர்த்தர் ஹசேலியுஸ் என்ற சுவீடன் நாட்டவர், தொழிற்சாலைகள் பெருகப் பெருகக் கிராமத்து வீடுகளும் கருவிகளும் மறைந்து வருவதைக் கண்டார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, 1891ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். இன்று அங்கே ஏறத்தாழ 150 கட்டடங்கள் உள்ளன. போலந்து முதலிய சில நாடுகளில் திறந்தவெளி அருங்காட்சியகம் என்பதற்கே 'ஸ்கான்சென்' என்று பெயர் வந்துவிட்டது. தட்சிணசித்ராவை நடத்தும் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பை டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கினார். அருங்காட்சியகம் 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, குறைந்த செலவில் குளிர்ந்த வீடுகள் கட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர்.

செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக நாங்கள் போய்ச் சேரும்போது காலை பத்தரை மணி. வெயில் ஏறிவிட்டது. செட்டிநாட்டு வீட்டின் வாசலைக் கடந்து உள்ளே போனதும் அம்மா நின்றார். செருப்பில்லாத காலைத் தரையில் அழுத்திப் பார்த்தார். "பாரு, நம்ம வீட்டு நடையில வெச்ச மாதிரியே இருக்கு" என்றார். பிறகு சுவரில் கையை வைத்தார். என் மகளும் வைத்தாள், நானும் வைத்தேன். வெளிச்சுவரில் கை வைக்க முடியாத அந்த வேளையில் உட்சுவர் சில்லென்றிருந்தது.

அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுவரின் வெளிப்பக்கம் பிற்பகலில் மிகவும் சூடாகிறது, விடியற்காலையில் மிகவும் குளிர்கிறது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும் இந்த வெப்பநிலையை ஓர் அலையாகக் கொள்ளலாம். அலை சுவருக்குள் மெதுவாக நடந்து வருகிறது. வரும் வழியில் அதன் வீச்சும் குறைந்துகொண்டே போகிறது. காரணம் எளிது: சுவரின் ஒவ்வோர் அடுக்கும் வெப்பத்தை அடுத்த அடுக்குக்குக் கொடுப்பதற்கு முன் தன்னைச் சூடாக்கிக்கொள்ள ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எல்லாம் உள்ளே வந்து சேர்வதற்குள் வெளியே பொழுது சாய்ந்துவிடுகிறது. வாங்கிய வெப்பத்தில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது.

செங்கலின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் கொண்டு கணக்கிட்டால், ஒரு நாள் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் போவதற்குள் அதன் வீச்சு 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். அந்த 12 சென்டிமீட்டரைக் கடக்க அதற்குச் சற்றேறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கும். அடுத்த 12 சென்டிமீட்டரில் மிச்சத்தில் மறுபடியும் 37 விழுக்காடு, மறுபடியும் 4 மணி நேரம். இப்படியே போகும். வெளிச்சுவரின் வெப்பநிலை ஒரு நாளில் 24 டிகிரி ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் கட்டும் 23 சென்டிமீட்டர் சுவரின் உட்பக்கத்தில் அது 3 டிகிரி சொச்சமாகக் குறையும். பழைய வீடுகளில் காணும் 45 சென்டிமீட்டர் சுவராக இருந்தால் அரை டிகிரிதான் மிஞ்சும்! அந்த அரை டிகிரியும் 14 மணி நேரம் கழித்து, அதாவது பிற்பகல் வெயில் விடியற்காலையில்தான் உள்ளே எட்டிப் பார்க்கும். அந்நேரம் அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இப்போது என் வீட்டுக் கூரைக்கு வருவோம். அது 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம். கான்கிரீட் செங்கலைவிடச் சற்று விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அதே கணக்கைப் போட்டால், வெளியே உள்ள ஏற்றத்தில் 42 விழுக்காடு உள்ளே வருகிறது, வெறும் மூன்று மணி நேரத்துச் சொச்சத்தில். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தளம் உச்சச் சூட்டை அடைந்தால், ஐந்து ஐந்தரை மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் உச்சத்தை அடையும். நாம் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து, கூரை நம் தலைக்கு மேல் கணப்பு அடுப்பாக மாறுகிறது. (அறைக் காற்று, ஈரம், வெள்ளையடித்த நிறம் ஆகியவற்றைச் சேர்த்தால் எண்கள் மாறும். இது தோராயக் கணக்கே.) கிரிவலப் பாதையில் இரவில் வெக்கை வீசும் பாறையும் என் கூரையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு வேறுபாடு: பாறை வெளியே நின்று வீசுகிறது. என் கூரைக்கு அடியில் நாங்கள் படுத்திருக்கிறோம்.

"அப்ப ஓட்டுக்கு என்னப்பா கணக்கு? ஓடு இவ்வளவு மெல்லிசா இருக்கே?" என்றாள் மகள். நல்ல கேள்வி. ஓட்டுக்கு வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. வெயிலில் உடனே கொதிக்கும், வெயில் தாழ்ந்தால் உடனே ஆறும். சுவர் நிதானக்காரர் என்றால் ஓடு அவசரக்காரர். பகலில் ஓடு தரும் சூட்டை என்ன செய்வது? ஓடுகளுக்கு இடையே ஆயிரம் சந்துகள். மேலே ஏறும் வெப்பக் காற்று அவற்றின் வழியாக வெளியேறுகிறது. கூரை உயரமாகச் சரிந்து நிற்பதால் சூடான காற்று நம் தலையிலிருந்து விலகி மேலே தங்குகிறது.

முற்றம் இந்த ஏற்பாட்டின் நடுநாயகம். மேகமில்லாத இரவில் முற்றத்துத் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு வீசிக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. 40 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.127 கிலோகிராம். 30 டிகிரியில் 1.165 கிலோகிராம். வேறுபாடு 38 கிராம்தான். ஆனாலும் தள்ளுவிசை அதுதான். குளிர்ந்த காற்று கிணற்றில் நீர் தேங்குவதுபோல் முற்றத்தில் தேங்கி, தாழ்வாரம் வழியாக அறைகளுக்குள் பரவுகிறது. சுவர் சுற்றிலும் உயர்ந்து நிற்பதால் காலையில் வெகு நேரம் தரையில் நிழல் இருக்கும். உச்சி வெயில் முற்றத்தில் விழும்போது அங்குள்ள காற்று சூடாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கத்திலிருந்து காற்று ரேழி வழியாக இழுக்கப்படுகிறது. அண்ணன் வீட்டு ரேழியில் அம்மா பாய் விரிக்கும் இடம் எது தெரியுமா? சரியாக அந்தக் காற்று வரும் வழி. அவர் இயற்பியல் படித்தவரல்லர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

தமிழ்நாட்டு வீடுகளைத் தாண்டிப் போனால் கேரளத்து வீடுகள் வருகின்றன. கோட்டயத்துக்கு அருகே புதுப்பள்ளியிலிருந்து வந்த, 1850ஆம் ஆண்டைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர் வீட்டின் கூரையைப் பாருங்கள். செங்குத்தாகச் சரிந்து, நம் தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்து இறங்குகிறது. பிறகு வடகர்நாடகத்து இல்கல் ஊரின் நெசவாளர் வீட்டுக்குப் போங்கள். கல் சுவர், தட்டையான மண் கூரை. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, இல்கல் பக்கம் 600 மில்லிமீட்டர் அளவில்தான். மழைமானி இல்லாமலே கூரையின் சாய்வைக் கொண்டு அந்த ஊர் மழையை ஊகித்துவிடலாம் போலிருக்கிறது. என் மகன் அப்படியே செய்தான். அடுத்த வீட்டுப் பலகையைப் படிக்காமல், கூரையைப் பார்த்து "இது மழை ஊர்", "இது காய்ஞ்ச ஊர்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அவன் விழித்து நின்றது வடஆந்திரக் கடற்கரையைச் சேர்ந்த வட்ட வடிவ மண் வீட்டின் முன்னால்தான். புயல் அடிக்கும் கரை அது. பெட்டி போன்ற வீட்டின் தட்டையான முகத்தில் காற்று மோதி முழு பலத்தோடு தள்ளுகிறது. வட்டச் சுவரில் அது இருபுறமும் வழுக்கிப் பிரிந்து போகிறது. மண் சுவர் பெரும்பாலும் மூலையில்தான் விரியும். வட்டத்தில் மூலையே இல்லை! சிக்கனமும் உண்டு. 20 மீட்டர் நீளச் சுவரைச் சதுரமாக வளைத்தால் உள்ளே 25 சதுர மீட்டர் இடம். அதையே வட்டமாக்கினால் ஏறத்தாழ 31.8 சதுர மீட்டர். மண் அதே மண், இடம் கால் பங்குக்கு மேல் கூடுதல். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குயவர் சக்கரத்தில் மண் வனைய வருபவர்களையும் உட்கார வைக்கிறார்கள். என் மகன் வனைந்த பானை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சரிந்தது. மண் உருண்டை சக்கரத்தின் மையத்தில் சரியாக அமராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது வெளியே இழுக்கும். கை நடுங்கினால் போச்சு. குச்சியால் சுழற்றிவிடும் பழைய திருகைகளைப் பார்த்திருக்கிறீர்களா? அவற்றின் விளிம்பை வேண்டுமென்றே கனமாகச் செய்வார்கள். நிறை மையத்திலிருந்து இரு மடங்கு தூரம் தள்ளிப் போனால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். எனவே ஒரு முறை சுழற்றிவிட்டால், குயவரின் கை மண்ணை அழுத்தித் தடுத்தாலும் திருகை தன் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. நெசவாளரின் குழித்தறியும் அப்படிப்பட்ட ஒன்றுதான். தரைக்குக் கீழே குழியில் காலை விட்டு மிதிக்கும் அந்தத் தறியில் பாவு நூல் தரையை ஒட்டி இருக்கும். தரையோரத்து ஈரம் பருத்தி நூலுக்கு வலு கொடுக்கும், அறுபடுவது குறையும்.

மதியம் சாப்பிட்டு முடித்து, மண்பானைத் தண்ணீர் குடித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தண்ணீர் அவ்வளவாகக் குளிரவில்லை. எங்கள் வீட்டுப் பானை இதைவிட நன்றாகக் குளிருமே!

பானை எப்படிக் குளிர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆவியானால் 2,40,000 ஜூல். 10 கிலோகிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 42,000 ஜூல் நீக்க வேண்டும். ஆக, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராமல் இருந்தால், ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆனால் நீர் ஆவியாகக் காற்று இடம் கொடுக்க வேண்டுமே! முட்டுக்காடு கடற்கரை. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. திருவண்ணாமலையின் கோடைக் காற்று காய்ந்த காற்று. அதே பானை அங்கே நன்றாக வேலை செய்யும், இங்கே பாதி வேலைதான் செய்யும்.

பானைக்கு உள்ளது வீட்டுக்கும் உண்டு. இரவில் முற்றம் குளிர்வதும் காற்றின் ஈரத்தைப் பொறுத்ததே, ஏனெனில் நீராவி தரையிலிருந்து போகும் வெப்பக் கதிர்களை ஓரளவு விழுங்கித் திருப்பி அனுப்பிவிடும். கடற்கரையில் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் குறைவு. செட்டிநாட்டு வீட்டின் சுவரும் தூணும் முற்றமும் முட்டுக்காட்டுக்கு வந்துவிட்டன. செட்டிநாட்டின் வறண்ட காற்றும் தெளிந்த இரவும் வரவில்லை. இது அருங்காட்சியகத்தின் குறையன்று. இடிபட்டுப் போயிருக்க வேண்டிய வீடுகளைக் காப்பாற்றி நம் கண்ணில் காட்டுகிறார்களே, அது பெரிய காரியம். ஆனால் ஒரு வீடு எந்த வானத்துக்குக் கீழே கட்டப்பட்டதோ, அங்கே நிற்கும்போதுதான் தன் முழு வேலையையும் செய்கிறது. ஊரில் நான் கையெழுத்துப் போட இருந்த தாள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

இதற்காகப் பழையன எல்லாம் அறிவியல் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் சாணம் மெழுகிய தரையைப் பார்த்த ஒருவர், சாணம் அணுக்கதிர்வீச்சைத் தடுக்கும் என்று தம் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். காமா கதிர்களைக் குறைக்கக் கனமான, தடித்த பொருள் வேண்டும். ஓரிரண்டு மில்லிமீட்டர் சாணப் பூச்சால் அது ஆகாது. சாணம் மண் தரையின் புழுதியை அடக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பெருமை அதற்குப் போதும்.

என் மகளுக்கு வேறொன்று உறுத்தியது. அக்கிரகாரத்து வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு நாங்கள் நாலு எட்டில் நடந்து போனோம். "அந்தக் காலத்துல இப்படி எல்லாரும் எல்லார் வீட்டுக்குள்ளயும் போக முடியுமா ஆயா?" என்று கேட்டாள். "நல்லாப் போவாங்க! திண்ணையோட சரி, சில பேருக்கு அதுவும் கிடையாது" என்றார் அம்மா. அதோடு, இருட்டான ஒரு சமையலறையைக் காட்டி, "இங்க புகை இல்ல, அதான் அழகாத் தெரியுது. எங்கம்மா அடுப்பு ஊதி ஊதி எந்நேரமும் கண்ணுல தண்ணியோடதான் இருந்தா" என்றார். அருங்காட்சியகத்தால் காட்ட முடியாதவற்றையும் சேர்த்துப் பார்க்க அம்மா உடன் வந்தது நல்லதாயிற்று. (நீங்கள் போவதானால், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.)

ஊர் திரும்பிய மறுநாளே மகள் ஒரு சோதனையைத் தொடங்கினாள். இதை நீங்களும் செய்யலாம். சோதனைச் சாலையில் பயன்படும் வெப்பமானிகள், பாதரசம் இல்லாத சாராய வெப்பமானியாக இருந்தால் நல்லது, இரண்டோ மூன்றோ வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. கூரையின் அடிப்பக்கத்திலோ சுவரின் உட்பக்கத்திலோ குமிழ் நன்றாகத் தொடும்படி ஒட்டி, குமிழின் மேல் சிறு பஞ்சை வைத்து மூடுங்கள். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இரண்டு மணிக்கு ஒரு முறை குறித்து, வரைபடத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் வெப்பநிலையை நெடுக்காகவும் கொண்டு கோடு வரையுங்கள். உச்சம் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முதலில் பாருங்கள். மேகமுள்ள நாளையும் மழை நாளையும் தனியாகக் குறியுங்கள்.

எங்கள் வீட்டுக் கூரையின் கோடு எதிர்பார்த்தபடி மாலையில் உச்சிக்குப் போய், இரவு பத்து மணிக்கும் இறங்க மனமில்லாமல் நின்றது. அண்ணன் வீட்டு ரேழிச் சுவரின் கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. ஆனால் நான் எதிர்பாராத ஒன்றும் வந்தது. அதே வீட்டில் ஓட்டுக்கு நேர் கீழே உள்ள பரணில், பகல் ஒரு மணிக்கு எங்கள் கான்கிரீட் கூரையைவிடச் சூடு அதிகம்! மாலை ஆறு மணிக்குள் அது மளமளவென்று இறங்கிவிட்டது. அவசரக்காரர் சொன்னபடி நடந்துகொண்டார். பகலில் பரணில் யாராவது படுத்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

மூன்று கோடுகளும் உள்ள தாளை மகள் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அம்மா ரேழியில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிம்மா" என்றார் அண்ணன். "வெயிலுக்கு எழுதிட்டே. ஐப்பசியில வந்து, ஓடு எங்கெங்க ஒழுகுது, எத்தனை பாத்திரம் வெச்சுப் புடிக்கிறோம்னு அதையும் எழுது. ரெண்டையும் வெச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் ஒப்பந்தக்காரரை நிறுத்தி வைக்கிறேன்."

மகள் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டாள். எந்தெந்த இடத்தில் ஒழுகும் என்று பெரியம்மாவிடம் கேட்டு, வீட்டின் படம் ஒன்றை வரைந்து, முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இப்போதே எண் போட்டு வைத்திருக்கிறாள்.